லட்சத்தீவு செல்ல இந்தியருக்கே அனுமதிச்சீட்டு ஏன்? கொச்சித் துறையிலிருந்து சென்னை மாகாணம் வரை நீளும் பின்னணி

காக்கநாடு (கொச்சி): காக்கநாடு இன்ஃபோபார்க் வளாகத்தில் பணிபுரியும் ஒருவர் வார விடுமுறைக்கு மூணாறு செல்ல நினைத்தால் பேருந்துச் சீட்டு ஒன்று போதும். அதே நபர் அரபிக்கடலில் உள்ள லட்சத்தீவுக்குச் செல்ல விரும்பினால், கப்பல் சீட்டோ விமானச் சீட்டோ மட்டும் போதாது. யூனியன் பிரதேச நிர்வாகத்தின் நுழைவு அனுமதியையும் அவர் பெற்றாக வேண்டும். இந்தியக் குடிமகன் என்பதற்கான ஆவணம் கையில் இருந்தாலும் இந்த நடைமுறையிலிருந்து விலக்கு கிடையாது.

2024-ஆம் ஆண்டு ஜனவரி முதல் வாரத்தில் பிரதமர் நரேந்திர மோடி லட்சத்தீவுக்குச் சென்று, அங்கு எடுத்த புகைப்படங்களைச் சமூக ஊடகத்தில் வெளியிட்டார். அதையொட்டி மாலத்தீவின் துணை அமைச்சர்கள் சிலர் கூறிய கருத்துகள் இரு நாட்டு உறவில் சலசலப்பை ஏற்படுத்தின. அந்த நாட்களில் லட்சத்தீவுப் பயணம் குறித்துத் தேடிய பலரும் முதலில் சந்தித்த தடை இந்த அனுமதிதான். 'சொந்த நாட்டுக்குள் செல்ல எதற்கு அனுமதி?' என்ற கேள்வியும் உடன் எழுந்தது.

நடைமுறையில் இருக்கும் விதி 1967-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆனால் அதன் வேர் 1912-இல், சென்னை மாகாணத்தை ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் இருக்கிறது. ஆட்சியாளர்கள் தங்கள் வசதிக்காகப் போட்ட பூட்டின் சாவி, காலப்போக்கில் தீவு மக்களின் பாதுகாப்புக்கான கருவியாக மாறியது. அந்தச் சாவி இனி யார் கையில் இருக்க வேண்டும் என்பதே லட்சத்தீவில் கடந்த சில ஆண்டுகளாக நடந்துவரும் வாதங்களின் அடிப்படை.

கொச்சியே வாசல்

லட்சத்தீவு 36 தீவுகளைக் கொண்ட கூட்டம் என்று அரசு ஆவணங்கள் கூறுகின்றன. மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர் மட்டுமே. மக்கள் வசிப்பது 10 தீவுகளில். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 64,473 பேர். நிலம் சிறிதாக இருந்தாலும், தீவுகளைச் சூழ்ந்த காயல்களின் பரப்பு சுமார் 4,200 சதுர கிலோமீட்டர். இத்தீவுகளால் இந்தியாவுக்குக் கிடைக்கும் தனிப்பொருளாதாரக் கடல் மண்டலம் சுமார் 4 லட்சம் சதுர கிலோமீட்டர். மத்திய அரசு இத்தீவுகள் மீது காட்டும் அக்கறைக்குச் சுற்றுலாவைவிட இந்தக் கடற்பரப்பே பெரிய காரணம் எனலாம்.

கொச்சியிலிருந்து தீவுகளின் தொலைவு ஏறத்தாழ 220 முதல் 440 கிலோமீட்டர் வரை. தீவுக்கு ஏற்பக் கப்பலில் 14 முதல் 18 மணி நேரம் ஆகும். விமானத்தில் சென்றால் அகத்தி தீவுக்கு ஒன்றரை மணி நேரம். அகத்தி விமான நிலையம் 1988-இல் திறக்கப்பட்டது. அதன் ஓடுதளம் சுமார் 1,200 மீட்டர் நீளமே உடையது என்பதால் சிறிய ரக விமானங்களே இறங்க முடியும்.

பயணிகள் கப்பல்கள் புறப்படும் வில்லிங்டன் தீவுக்கும் காலனிய வரலாறு உண்டு. அது இயற்கையாக உருவான தீவு அன்று. கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது தோண்டி எடுக்கப்பட்ட மண்ணைக் கொண்டு, பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில் உருவாக்கப்பட்டது. அன்றைய வைசிராய் வில்லிங்டன் பிரபுவின் பெயரைப் பெற்றது. அதற்கு முன்பு தீவுவாசிகளின் ஓடங்கள் கொச்சியைவிடக் கண்ணூர், கோழிக்கோடு, மங்களூர் ஆகிய துறைகளுக்கே அதிகம் சென்றுவந்தன. எந்தத் தீவின் ஓடம் எந்தத் துறைக்குச் செல்ல வேண்டும் என்பதை ஆட்சியாளர்களே தீர்மானித்தார்கள்.

கயிற்றுக்கு அரிசி

தென்னையும் மீனும் தவிர வேறு பெரிய விளைபொருள் இல்லாத தீவுகள் இவை. ஆனால் இங்கு திரிக்கப்பட்ட தேங்காய்நார்க் கயிற்றுக்கு அரபிக்கடல் முழுவதும் தேவை இருந்தது. ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டும் மரக்கலங்களின் காலம் அது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இத்தீவுகளுக்கு வந்ததும் கயிற்றுக்காகத்தான். அமினி தீவில் தங்கிய போர்த்துகீசியரைத் தீவு மக்கள் உணவில் நஞ்சு வைத்துக் கொன்றதாக இன்றும் வழங்கும் மரபுக் கதை ஒன்று உண்டு.

அதே நூற்றாண்டில் தீவுகள் சிறக்கல் அரசரிடமிருந்து கண்ணூரின் அரக்கல் குடும்பத்தின் ஆட்சிக்கு வந்தன. கேரளத்தின் ஒரே முஸ்லிம் அரச குடும்பம் இது. குடும்பத்தில் மூத்தவர் ஆணாயினும் பெண்ணாயினும் ஆட்சிப் பொறுப்பேற்பது இங்கு வழக்கம். ஆண் அலி ராஜா என்றும், பெண் அரக்கல் பீவி என்றும் அழைக்கப்பட்டனர்.

18-ஆம் நூற்றாண்டில் அரக்கல் ஆட்சி கயிற்று வணிகத்தைத் தன் ஏகபோகமாக்கியது. தீவுவாசி தான் திரித்த கயிற்றைச் சந்தையில் விற்க முடியாது. ஆட்சியாளர் நிர்ணயித்த விலைக்கு அவர்களின் பண்டகசாலையில் கொடுத்து, ஈடாக அரிசி பெற வேண்டும். கயிற்றின் விலையும் அரிசியின் விலையும் ஒரே தரப்பால் நிர்ணயிக்கப்பட்டால் யாருக்கு லாபம் என்பதை விளக்க வேண்டியதில்லை. நெல் விளையாத தீவில் அரிசிக்கு வேறு வழியும் இல்லை.

இந்த முறையைப் பொறுக்க முடியாமல் அமினியைச் சேர்ந்த தீவுவாசிகள் 1780-களில் மங்களூரில் இருந்த திப்பு சுல்தானை அணுகினர். தங்கள் தீவுகளை அவரே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டனர். அமினி, கடமத், கில்தான், செத்லத், பித்ரா ஆகிய வடக்குத் தீவுகள் அவ்வாறு மைசூர் ஆட்சிக்குச் சென்றன. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது இவை கிழக்கிந்தியக் கம்பெனியின் நேரடிக் கட்டுப்பாட்டுக்கு வந்தன. தெற்கில் உள்ள கவரட்டி, அகத்தி, அந்த்ரோத், கல்பேனி, மினிக்காய் ஆகியவை கம்பெனிக்குக் கப்பம் கட்டும் அரக்கலிடமே தொடர்ந்தன.

அரக்கல் ஆட்சியை முடித்து வைத்தது போரன்று, புயல். 1847-இல் வீசிய கடும் புயலில் அந்த்ரோத், கல்பேனி தீவுகள் பேரழிவைச் சந்தித்தன. நிவாரணத்துக்காக ஆங்கிலேயரிடம் அரக்கல் பெற்ற கடனும் கப்பப் பாக்கியும் வட்டியோடு பெருகின. கடனைக் காரணம் காட்டி 1854-இல் ஆங்கிலேயர் தீவுகளின் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டனர். இடையில் சில ஆண்டுகள் திருப்பித் தந்து, 1875-இல் மீண்டும் எடுத்தனர். 1908-இல் ஆண்டு உதவித்தொகைக்கு ஈடாக அரக்கல் குடும்பம் தீவுகள் மீதான உரிமையை முழுமையாக விட்டுக்கொடுத்தது.

ஆட்சி மாறினாலும் கயிற்றுக்கு அரிசி என்ற ஏற்பாடு உடனே மாறவில்லை. பண்டகசாலையின் வாசலில் பெயர்ப்பலகை மட்டும் மாறியது என்று சொல்லலாம்.

சென்னையிலிருந்து ஆளப்பட்ட தீவுகள்

தமிழ் வாசகர்கள் பலர் அறியாத ஒரு செய்தி உண்டு. 1956 அக்டோபர் 31 வரை லட்சத்தீவு சென்னை மாநிலத்தின் பகுதி. அமினிதீவுக் கூட்டம் தென்கன்னட மாவட்டத்தோடும், லக்காதீவுக் கூட்டமும் மினிக்காயும் மலபார் மாவட்டத்தோடும் இணைக்கப்பட்டிருந்தன. இரண்டு மாவட்டங்களும் புனித ஜார்ஜ் கோட்டையின் கீழ் இருந்தவை. ஒரே தீவுக்கூட்டம் இரண்டு மாவட்டங்களாகப் பிரிந்து கிடந்ததற்குக் காரணம் நிலவியல் அன்று. திப்புவிடம் சென்றவர்கள் யார், அரக்கலிடம் இருந்தவர்கள் யார் என்ற பழைய கணக்கே.

சென்னை மாகாண அதிகாரிகள் ஆண்டில் ஒரு முறையோ, அதனினும் அரிதாகவோ தீவுகளுக்கு ஆய்வுப் பயணம் மேற்கொண்டனர். மழைக்காலத்தில் தொடர்பு முற்றிலும் அறுந்துவிடும். ஆகவே அன்றாட நிர்வாகத்தை உள்ளூர்க்காரர்களிடமே விட வேண்டியிருந்தது. 1912-ஆம் ஆண்டு பிறப்பிக்கப்பட்ட லக்காதீவுகள் மற்றும் மினிக்காய் ஒழுங்குவிதி, தீவுகளின் அமீன்களுக்குச் சிறு வழக்குகளை விசாரிக்கும் வரையறுக்கப்பட்ட அதிகாரத்தை அளித்தது. அதே ஒழுங்குவிதி வெளியார் தீவுகளுக்குள் வருவதற்கும் கட்டுப்பாடு விதித்தது.

அந்தக் கட்டுப்பாட்டைத் தீவு மக்கள் மீதான பரிவாக மட்டும் பார்ப்பது கடினம். கயிற்று வணிகத்தை ஒரே கையில் வைத்திருந்த அரசுக்கு, இடையில் புகுந்து கூடுதல் விலை தரும் வெளி வணிகர் வராமல் இருப்பது வசதியாகவே இருந்திருக்கும். வடகிழக்கு மாநிலங்களில் இன்றும் வழக்கில் உள்ள உள்கோட்டு அனுமதி முறைக்கும் இதே போன்ற வரலாறு உண்டு. 1873-இல் வங்காள கிழக்கு எல்லை ஒழுங்குவிதியாகப் பிறந்த அது, ஆங்கிலேயரின் தேயிலை, யானை, ரப்பர் வணிக நலன்களைக் காக்க ஏற்பட்டது. இன்று நாகாலாந்து, மிசோரம் மக்கள் அதையே தங்கள் நிலத்தைக் காக்கும் அரணாகக் கருதுகின்றனர்.

மொழிவாரி மாநிலப் பிரிவினையின்போது 1956 நவம்பர் 1-ஆம் தேதி தீவுகள் யூனியன் பிரதேசமாயின. எனினும் நிர்வாகத் தலைமையகம் 1964 வரை கோழிக்கோட்டிலேயே இயங்கியது. பின்னர் கவரட்டிக்கு மாறியது. 1967-இல்தான் தீவு மக்கள் மக்களவைக்கு முதன்முறையாக வாக்களித்தனர். லட்சத்தீவு என்ற பெயர் 1973-இல் அதிகாரபூர்வமாக வந்தது.

பிறந்த இடமே அடையாளம்

1967-இல் வந்த லக்காதீவு, மினிக்காய், அமினிதீவு (நுழைவு மற்றும் வசிப்புக் கட்டுப்பாடு) விதிகள்தாம் இன்று பயணிகள் சந்திக்கும் அனுமதி முறையின் சட்ட அடிப்படை. தீவைச் சொந்த ஊராகக் கொள்ளாத எவரும் நிர்வாகத்தின் அனுமதியின்றி நுழையவோ தங்கவோ முடியாது. பணி நிமித்தம் செல்லும் அரசு ஊழியர்கள், படையினர் போன்றோருக்கு விலக்கு உண்டு.

இந்த விதிகளின் நோக்கம் காலனிய விதியின் நோக்கத்திலிருந்து வேறுபட்டது. லட்சத்தீவு மக்களில் 94 விழுக்காட்டுக்கும் மேலானோர் பட்டியல் பழங்குடியினர். இந்தியாவின் பிற பகுதிகளில் பழங்குடி அந்தஸ்து ஒரு சமூகத்தின் பெயரால் வரையறுக்கப்படுகிறது. இங்கோ பிறந்த இடத்தால் வரையறுக்கப்பட்டுள்ளது. தானும் தன் பெற்றோர் இருவரும் தீவுகளில் பிறந்திருந்தால் அவர் பட்டியல் பழங்குடியினர்.

காகிதத்தில் தெளிவாகத் தோன்றிய இந்த வரையறை கொச்சி மருத்துவமனைகளில் சிக்கலைச் சந்தித்தது. சிக்கலான பேறுகாலங்களுக்குத் தீவுப் பெண்கள் கப்பலிலோ ஹெலிகாப்டரிலோ கொச்சிக்குக் கொண்டுவரப்படுகின்றனர். இங்கு பிறக்கும் குழந்தை, சட்டத்தின் எழுத்துப்படி தீவில் பிறக்காத குழந்தை. உயிரைக் காக்கக் கடல் கடந்ததற்காகப் பிள்ளை பழங்குடி உரிமையை இழக்கும் நிலை. 2008-இல்தான் திருத்தம் வந்தது. பெருநிலப்பரப்பில் பிறந்தாலும், பின்னர் தீவில் நிலையாகக் குடியமரும் குழந்தை தீவில் பிறந்ததாகவே கொள்ளப்படும் என அது கூறுகிறது.

தீவு வாழ்வு கொச்சியை எந்த அளவுக்குச் சார்ந்திருக்கிறது என்பதற்கு இந்த ஒரு திருத்தமே போதிய சான்று. லட்சத்தீவுக்கான உயர் நீதிமன்றமும் கொச்சியில் உள்ள கேரள உயர் நீதிமன்றமே. உயர்கல்வி, மேல்சிகிச்சை, வழக்கு, வணிகம் என எதற்கும் தீவுவாசி இதே கப்பலில்தான் வர வேண்டும். 2022 முதல் கப்பல்களின் எண்ணிக்கை குறைந்து பயணச்சீட்டு கிடைப்பதில்லை எனத் தீவு மக்கள் பலமுறை புகார் எழுப்பினர். சுற்றுலாப் பயணிக்கு ஒதுக்கப்படும் ஒவ்வொரு படுக்கையும் ஒரு நோயாளியோ மாணவரோ காத்திருக்கும் படுக்கை என்பதை வரைபடத்தில் பார்த்து உணர முடியாது.

மண்ணுக்கடியில் மிதக்கும் நன்னீர்

அனுமதி முறையை நியாயப்படுத்தும் மிக வலுவான வாதம் பண்பாட்டைச் சார்ந்ததன்று, தண்ணீரைச் சார்ந்தது.

லட்சத்தீவின் தீவுகள் பவளப்பாறைகளின் மீது அமைந்தவை. கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமே உடையவை. ஆறு, குளம், மலை எதுவும் இல்லை. பெய்யும் மழை நுண்துளைகள் நிறைந்த பவள மண்ணுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. நன்னீர் உப்புநீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் இது சாத்தியமாகிறது. கிணற்றிலிருந்து அளவாக இறைத்தால் படலம் நிற்கும். மோட்டார் வைத்து உறிஞ்சினால் கீழிருந்து உப்புநீர் மேலேறிவிடும். கழிவுநீர்க் குழிகளிலிருந்து கசியும் நீரும் இதே படலத்தில்தான் கலக்கிறது.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 555. லட்சத்தீவிலோ இது இரண்டாயிரத்துக்கும் மேல். மிகப் பெரிய தீவான அந்த்ரோத்தின் பரப்பே 5 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆண்டுக்குச் சில ஆயிரம் பயணிகள் கூடினாலும் அந்தச் சுமை நேரடியாகக் கிணற்றில் தெரியும்.

இச்சிக்கலுக்கு ஓரளவு தீர்வு சென்னையிலிருந்து சென்றது. பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005-இல் கவரட்டியில் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தரும் ஆலையை நிறுவியது. வெதுவெதுப்பான மேற்பரப்புக் கடல்நீரைக் காற்றழுத்தம் குறைந்த கலத்துக்குள் செலுத்தினால் அதில் ஒரு பகுதி உடனே ஆவியாகும். சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாய் வழியே ஏற்றப்படும் குளிர்ந்த கடல்நீர், அந்த ஆவியை மீண்டும் நீராக மாற்றுகிறது. உப்பு கடலிலேயே தங்கிவிடுகிறது. கரையிலிருந்து சிறிது தொலைவிலேயே கடல் திடீரென ஆழமாகும் பவளத்தீவுகளுக்கு ஏற்ற முறை இது. 2011-இல் மினிக்காய், அகத்தி தீவுகளிலும் ஆலைகள் வந்தன. 2024 ஜனவரியில் கடமத் தீவின் ஆலையும், கொச்சியிலிருந்து கடலுக்கடியில் போடப்பட்ட கண்ணாடியிழை இணையக் கம்பித்தடமும் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன.

தண்ணீருக்கு வழி பிறந்தாலும், தீவைத் தாங்கும் பவளத்துக்குப் பிறக்கவில்லை. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் வெப்பம் உயர்ந்து பவளப்பாறைகள் பெருமளவில் வெளிறின. 2024 மே மாதத்தில் மீண்டும் கடும் வெளிறல் பதிவாகியிருப்பதாகக் கொச்சியில் தலைமையகம் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தெரிவித்தது. பவளம் இறந்தால் அலையின் வேகத்தைத் தடுக்கும் அரண் இல்லாமற்போகும். 1968-இல் 0.032 சதுர கிலோமீட்டர் பரப்புடன் இருந்த பரளி என்ற ஆளில்லாத் திட்டு முழுவதுமாக அரிக்கப்பட்டு மறைந்துவிட்டதை 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. 36 தீவுகள் என்ற எண்ணிக்கை ஆவணங்களில் மட்டும் நீடிக்கிறது.

பெருந்தொற்று தந்த பாடமும் 2021 சர்ச்சையும்

இந்தியா முழுவதும் கொரோனா பரவிய 2020-ஆம் ஆண்டில் லட்சத்தீவில் ஒருவருக்குக்கூடத் தொற்று பதிவாகவில்லை. அனுமதியின்றி யாரும் நுழைய முடியாது. அனுமதி பெற்றவரும் கொச்சியில் தனிமைப்படுத்தலில் இருந்த பிறகே கப்பல் ஏற முடியும் என்ற ஏற்பாடே காரணம். 2020 டிசம்பரில் இக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டு, பரிசோதனைச் சான்று இருந்தால் போதும் என்றானது. 2021 ஜனவரியில் கொச்சியிலிருந்து வந்த பயணி ஒருவருக்கு முதல் தொற்று உறுதியானது. பின்னர் அது வேகமாகப் பரவியது.

அதே காலத்தில் புதிய நிர்வாகியாகப் பொறுப்பேற்ற பிரஃபுல் கோடா படேல் வெளியிட்ட வரைவு ஒழுங்குவிதிகள் தீவெங்கும் எதிர்ப்பைக் கிளப்பின. எந்தப் பகுதியையும் திட்டப் பகுதியாக அறிவித்து வளர்ச்சிப் பணிக்கு எடுத்துக்கொள்ள வகைசெய்யும் வளர்ச்சி ஆணைய வரைவு, விசாரணையின்றிக் காவலில் வைக்க இடமளிக்கும் சமூக விரோதச் செயல் தடுப்பு வரைவு, இரண்டு குழந்தைகளுக்கு மேல் உள்ளவர் பஞ்சாயத்துத் தேர்தலில் போட்டியிடத் தடை, மாட்டிறைச்சித் தடை ஆகியவை சர்ச்சைக்குள்ளாயின. மாலத்தீவு போலத் தீவுகளை வளர்ப்பதே நோக்கம் என்று நிர்வாகத் தரப்பு விளக்கமளித்தது. நிர்வாகியைத் திரும்ப அழைக்கக் கோரி 2021 மே 31-ஆம் தேதி கேரள சட்டப்பேரவை ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது.

லட்சத்தீவுக்குச் சட்டப்பேரவை கிடையாது. அரசியல் சாசனத்தின் 240-ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் பிறப்பிக்கும் ஒழுங்குவிதிகளே அங்கு சட்டம். நாட்டிலேயே மிகக் குறைந்த வாக்காளர்களைக் கொண்ட தொகுதியிலிருந்து மக்களவைக்குச் செல்லும் ஒரே உறுப்பினர்தான் தீவுகளின் குரல். தங்கள் நிலத்தைப் பற்றிய முடிவு கடலுக்கு அப்பால் எடுக்கப்படுகிறது என்ற தீவுவாசிகளின் முறையீடு, 1780-களில் மங்களூருக்கு ஓடம் செலுத்தியவர்களின் முறையீட்டிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று.

நிலம் குறித்த அச்சத்துக்கு இன்னொரு பழைய பெயரும் உண்டு: பண்டாரம். கருவூலம் என்ற பொருளில் தமிழிலும் வழங்கும் அதே சொல்தான். அரக்கல் குடும்பத்தின் கருவூலத்துக்கு உரியவையாகக் கருதப்பட்ட நிலங்கள் பண்டார நிலங்கள் எனப்பட்டன. அவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் குத்தகையில் பயிரிட்டு, வீடு கட்டி வாழ்ந்தவர்கள் தீவுவாசிகள். அரக்கலின் உரிமை ஆங்கிலேயருக்கும், பின்னர் இந்திய அரசுக்கும் வந்ததால் இந்நிலங்கள் அரசுடையவை என்பது நிர்வாகத்தின் நிலைப்பாடு. நீண்டகால அனுபோகத்தால் தங்களுடையவை என்பது மக்களின் வாதம். 2024 ஜூனில் இந்நிலங்களைத் திரும்ப எடுக்க நிர்வாகம் உத்தரவிட்டபோது வழக்கு கேரள உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 2025 ஜூலையில் பித்ரா தீவைப் பாதுகாப்புத் தேவைகளுக்காகக் கையகப்படுத்துவது குறித்த சமூகத் தாக்க ஆய்வுக்கு நிர்வாகம் அறிவிக்கை வெளியிட்டது. 2011-இல் 271 பேர் வாழ்ந்த தீவு அது.

மாலத்தீவு வழி பொருந்துமா?

மாலத்தீவுடன் ஒப்பிடுவோர் பெரும்பாலும் ஒரு வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. அங்கு 1972-இல் சுற்றுலா தொடங்கியபோது, ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற முறையில் ஆளில்லாத் தீவுகளே விடுதிகளுக்குத் தரப்பட்டன. மக்கள் வாழும் தீவுகளில் தங்கும் இல்லங்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தே இடமளிக்கப்பட்டது. அந்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் உள்ளன. 2024-இல் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வந்தனர். லட்சத்தீவில் ஆளில்லாத் தீவுகளே சில. அவற்றில் பலவும் மீனவர்களின் தங்குமிடங்கள், தென்னந்தோப்புகள்.

எனினும் பணி தொடங்கிவிட்டது. பங்காரம் தீவில் நெடுங்காலமாக விடுதி இயங்குகிறது; மதுவிலக்கு நடைமுறையில் உள்ள லட்சத்தீவில் விலக்குப் பெற்ற இடம் அது. சுஹேலி, கடமத் தீவுகளில் தலா 110 அறைகள் கொண்ட விடுதிகள் கட்டப்படும் என்று தாஜ் குழுமம் 2023 ஜனவரியில் அறிவித்தது. அவற்றில் ஒரு பகுதி காயலுக்குள் தூண்கள் மீது அமையும் வில்லாக்கள். 2024 பிப்ரவரி இடைக்கால நிதிநிலை அறிக்கையிலும் லட்சத்தீவின் துறைமுக இணைப்பு, சுற்றுலாக் கட்டமைப்பு ஆகியவை குறிப்பிடப்பட்டன. தீவுகளின் தாங்குதிறனை மதிப்பிட உச்ச நீதிமன்றம் 2012-இல் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் தலைமையில் நிபுணர் குழுவை அமைத்திருந்தது. எத்தனை அறைகள் என்பதை நிலமும் நீரும் தீர்மானிக்க வேண்டும் என்ற அந்த அணுகுமுறை, இன்றைய அறிவிப்புகளின் வேகத்தில் பின்தள்ளப்பட்டதாகவே தெரிகிறது.

தீவில் இளைஞர்களுக்கு வேலை குறைவு என்பதும் உண்மை. கல்வியறிவு 90 விழுக்காட்டைத் தாண்டிய இடத்தில் அரசுப் பணி, மீன்பிடி, தென்னை ஆகிய மூன்றே வாய்ப்புகள். ஆகவே சுற்றுலா கூடாது என்போர் தீவிலும் குறைவு. வருமானம் யாருக்கு, முடிவு யாருடையது என்பதில்தான் பிணக்கு.

பயணம் செல்ல விரும்புவோருக்கு

முதல்முறை செல்வோருக்கு எளிய வழி, 1982-இல் நிறுவப்பட்ட ஸ்போர்ட்ஸ் என்ற அரசுச் சுற்றுலாச் சங்கத்தின் பயணத் திட்டங்கள். அதன் அலுவலகம் கொச்சி வில்லிங்டன் தீவில் உள்ளது. 'சமுத்திரம்' என்ற ஐந்து நாள் திட்டத்தில் எம்.வி. கவரட்டி கப்பலில் கவரட்டி, கல்பேனி, மினிக்காய் ஆகிய மூன்று தீவுகளைக் காணலாம். பகலில் தீவு, இரவில் கப்பல் என்பது இதன் அமைப்பு. தீவின் கிணற்றுக்கும் கழிவுக்குழிக்கும் மிகக் குறைந்த சுமை தரும் முறை இதுவே. காயலின் ஆழம் குறைவு என்பதால் பல இடங்களில் கப்பல் வெளியே நிற்க, சிறு படகுகளுக்கு மாறி இறங்க வேண்டும். முதியோரை அழைத்துச் செல்வோர் இதைக் கருத்தில் கொள்வது நல்லது.

தனியாகச் செல்வோர் இணையவழி அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறைச் சரிபார்ப்பு, தீவுவாசி ஒருவரின் பொறுப்பேற்பு போன்ற நிபந்தனைகள் அவ்வப்போது மாற்றப்படுவதால், பயணச்சீட்டு எடுக்கும் முன் நிர்வாகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் அப்போதைய விதியைப் பார்ப்பது அவசியம். வெளிநாட்டவருக்குக் குறிப்பிட்ட சில தீவுகள் மட்டுமே திறந்துள்ளன. பவளத் துண்டுகளை எடுத்துவருவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

மினிக்காயில் 1885-இல் ஆங்கிலேயர் கட்டிய கலங்கரை விளக்கம் இன்றும் உள்ளது. அத்தீவின் மொழி மலையாளம் அன்று. மாலத்தீவு மொழியோடு உறவுடைய மஹல். தூண்டில் கொண்டு ஒவ்வொன்றாகச் சூரை மீன் பிடித்து, அவித்து, புகையிட்டு, உலர்த்திச் செய்யப்படும் மாசி தென் தமிழகச் சமையலறைகளுக்கும் அறிமுகமானதே. வாங்கி வரத் தடை ஏதும் இல்லை.

தென்மேற்குப் பருவமழை தொடங்கும்முன், மே மாத நடுவில் கடல் கொந்தளிக்கத் தொடங்கும். அதிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை சிறு கலங்கள் ஓடுவதில்லை. சுற்றுலாத் திட்டங்களும் நிறுத்தப்படும். பயணத்துக்கு ஏற்ற காலம் அக்டோபர் முதல் மே மாதத் தொடக்கம் வரை. தீவுப் பள்ளிகளுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் விடுமுறை வரும் ஏப்ரல், மே மாதங்களில் ஊர் திரும்புவோரின் கூட்டம் கப்பல்களில் மிகுதி என்பதால், அந்த வாரங்களைத் தவிர்த்துத் திட்டமிட்டால் சீட்டு கிடைப்பது எளிது.